பேப்பர் வந்திட்டா? - நாளேட்டு வாசிப்பின் ருசியும் நமது சமூகமும்

பத்திரிகைகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றை நடத்தியோரின் வரலாற்றையே எழுதுகின்றனர். எந்த ஆண்டில் யார் தொடங்கினார், அச்சகம் எங்கே இருந்தது, ஆசிரியபீடத்தில் யார் அமர்ந்தார், எப்போது நின்று போனது என்ற விபரங்கள் நமக்குக் கிடைக்கின்றன. அவை தேவையானவைதாம். ஆனால் அந்தத் தாளைக் கையில் எடுத்தவர் அதை யாருக்கு வாசித்துக் காட்டினார், எந்தப் பக்கத்தை முதலில் திருப்பினார், எதை வெட்டிக் குர்ஆன் பிரதிக்கு அருகில் பத்திரப்படுத்தினார் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. வாசகரின் வரலாறு வாய்ச்சொல்லாகவே இருந்து, வாய்ச்சொல்லாகவே மறைந்து வருகிறது.

இலங்கை முஸ்லிம்களைப் பொறுத்தவரை இந்த இழப்பு சற்றுப் பெரியது. நாளேடு நமக்குச் செய்தி தந்த கருவி மட்டுமன்று. அது பலர் கூடி அனுபவித்த ஓர் இன்பமாகவும், பள்ளிக்கூடத்துக்கு வெளியே தமிழ் உரைநடையைக் கற்றுத் தந்த ஆசிரியராகவும், கேள்விப்பட்டதை உறுதி செய்துகொள்ளும் பழக்கமாகவும் இருந்தது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு முயற்சியே இக்கட்டுரை.

கேட்டு ருசித்த காலம்

அறிஞர் சித்தி லெப்பை கண்டியில் முஸ்லிம் நேசனைத் தொடங்கியது 1882 டிசம்பரில். அதற்கு நாற்பத்தோரு ஆண்டுகளுக்கு முன்னரே, 1841 ஜனவரியில், யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமாரின் உதயதாரகை வெளிவரத் தொடங்கிவிட்டது. இலங்கை மலாயர் சமூகத்தில் பாபா யூனுஸ் சல்தீன் அலாமத் லங்காபுரி என்ற மலாய்ப் பத்திரிகையை அரபு எழுத்தில் 1869இல் வெளியிட்டிருந்தார். எனவே முஸ்லிம் நேசன் வெறும் வெளியில் முளைத்ததல்ல. ஆனால் தமிழ் பேசும் முஸ்லிம் ஒருவர் தன் சமூகத்தின் பெயரைச் சொல்லும் ஒரு பத்திரிகையைக் கையில் பிடிக்கும் அனுபவம் அதிலிருந்தே தொடங்குகிறது.

தொடங்கிய வேளையும் கவனிக்கத்தக்கது. 1882 செப்டெம்பரில் தல் அல் கபீர் போர்க்களத்தில் எகிப்தியப் படை தோற்றது. முஸ்லிம் நேசனின் முதல் இதழ் வந்து ஒரு மாதம்கூட ஆகுமுன், 1883 ஜனவரி 10ஆம் திகதி, ஒராபி பாஷாவும் அவரது தோழர்களும் நாடுகடத்தப்பட்டவர்களாகக் கொழும்பில் வந்திறங்கினர். தொலைதேசத்துச் செய்தியாக இருந்த மனிதர் கப்பலில் வந்து கண்முன்னே நிற்கிறார்! உலகச் செய்தி என்பது தன் தெருவுக்கும் வரக்கூடியது என்ற வியப்பை நம் முன்னோர் அந்த ஜனவரியில் அனுபவித்திருப்பர். சித்தி லெப்பை 1885இல் எழுதி வெளியிட்ட அசன்பே சரித்திரம் என்னும் நாவலின் கதைக்களம் எகிப்து வரை விரிந்ததும் இந்தச் சூழலில்தான்.

அப்படியானால் அந்தப் பத்திரிகையை எத்தனை பேரால் வாசிக்க முடிந்தது? அக்காலத்தில் நம்மவரிற் பலர், குறிப்பாகப் பெண்கள், ஓதல் பள்ளியில் கற்ற அரபு எழுத்தைக் கொண்டு அரபுத் தமிழை வாசிப்பார்கள். தமிழ் எழுத்தை அறியார். தமிழ் எழுத்து தெரிந்தவர் ஊருக்குச் சிலரே. ஆனால் வாசிக்கத் தெரியாததால் இலக்கியம் தெரியாது என்ற நிலை நம்மிடையே ஒருபோதும் இருக்கவில்லை. சீறாப்புராணமும் நூறு மசலாவும் மாலைகளும் முனாஜாத்துகளும் ஒருவர் படிக்கப் பலர் கேட்டு அனுபவித்தவை. இரவில் விளக்கைச் சுற்றி அமர்ந்து கேட்பது, நல்ல இடம் வந்தால் திரும்பப் படிக்கச் சொல்வது, விளங்காத சொல்லுக்கு அங்கேயே பொருள் கேட்பது - இவையெல்லாம் பழகிய செவிகள். பத்திரிகை வந்தபோது அந்தச் செவிகள் ஆயத்தமாக இருந்தன. புராணம் படித்த குரலே செய்தியும் படித்தது.

பிற்காலத்தில் தேத்தண்ணிக் கடைகளில் நாம் கண்ட “தம்பி, கொஞ்சம் உரத்து வாசிங்க” என்ற வேண்டுகோளின் வேர் இங்கேதான் இருக்கிறது. அது எழுத்தறியாமையின் அடையாளம் என்று மட்டும் எண்ணுவது தவறு. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களும் கேட்கவே விரும்பினார்கள். ஒருவர் வாசிக்க எட்டுப் பேர் கேட்டால், செய்தி ஒன்று. அதன் மேல் எழும் பேச்சு எட்டு.

வாரம் நாளான போது

வாரப் பத்திரிகை கிழமைக்கு ஒரு விருந்தாளி. நாளேடு வீட்டில் ஓர் ஆள். இந்த மாற்றம் இலங்கைத் தமிழ் வாசகருக்கு 1930களில் முழுமையாக வந்தது. 1920களில் கோ. நடேசய்யர் நடத்திய தேசநேசன், தேசபக்தன் ஆகியன முன்னோடிகள். 1930 ஆகஸ்ட் 6ஆம் திகதி சுப்பிரமணியம் செட்டியார் வீரகேசரியைத் தொடங்கினார். 1932 மார்ச் 15ஆம் திகதி டி.ஆர். விஜேவர்தனவின் லேக்ஹவுஸ் நிறுவனத்திலிருந்து தினகரன் வந்தது. தமிழகத்தின் புகழ்பெற்ற உரைநடையாளர் வ.ரா. சிறிது காலம் கொழும்பில் வீரகேசரியின் ஆசிரியராக இருந்தார் என்பதும் நினைவுகூரத்தக்கது.

இந்த இரு நாளேடுகளுக்கும் இடையில் ஒரு பெரிய நிகழ்வு நடந்தது. டொனமூர் அரசியலமைப்பின்படி 1931இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. சொத்தும் ஆங்கிலமும் உள்ளவனின் விவகாரமாக இருந்த அரசியல், வயல்காரனின் விவகாரமாக மாறியது. அந்தத் தேர்தலில் மட்டக்களப்பு தெற்குத் தொகுதியில் வென்றவர் மாக்கான் மாக்கார். அவர் கிழக்கு மாகாணத்தவரல்லர். தென்னிலங்கையைச் சேர்ந்த வர்த்தகர். வென்ற பின் அமைச்சராகவும் ஆனார். தாம் வாக்களித்து அனுப்பிய மனிதர் கொழும்பில் என்ன பேசுகிறார் என்பதைக் கிழக்கிலுள்ள ஒரு விவசாயி எப்படி அறிவது? வானொலிப் பெட்டி ஊருக்கு வராத காலம். பத்திரிகை ஒன்றே வழி. வாக்குரிமையும் நாளேடும் ஒரே மூச்சில் வந்து சேர்ந்ததால், நாளேடு வாசிப்பது ஒரு குடிமகனின் கெத்தாகவும் ஆனது. கக்கத்தில் மடித்த பேப்பரோடு சந்தியில் நிற்கும் மனிதருக்குக் கிடைத்த மரியாதை அங்கிருந்து வந்ததே.

நாளேடு நேரத்தையும் மாற்றியது. கொழும்பில் நள்ளிரவுக்கு முன்னரே வெளியூர்ப் பதிப்பு அச்சாகி, இரவு அஞ்சல் புகையிரதத்தில் ஏறும். அங்கிருந்து பஸ், பஸ்ஸிலிருந்து சைக்கிள். கொழும்பு வாசகர் காலைத் தேநீரோடு படித்ததைத் தூரத்து ஊர்கள் முற்பகலிலோ லுஹருக்குப் பின்னரோதான் படித்தன. ஆகவே எங்கள் பகுதிகளில் நாளேடு காலைப் பண்டமாக இருக்கவில்லை. அது லுஹருக்கும் அஸருக்கும் இடைப்பட்ட ஓய்வின் பண்டம். “பேப்பர் வந்திட்டா?” “இன்னம் பஸ் வரல்ல” என்ற இந்த இரு வரிகளைப் பேசாத ஊர் கிழக்கில் இருந்திருக்காது. காத்திருப்பும் அந்த ருசியின் ஒரு பகுதிதான்.

தேத்தண்ணிக் கடையின் வகுப்பறை

ஒரு கடைக்கு வரும் பேப்பர் ஒன்று. வாசகர் பதினைந்து பேர். எனவே தாள் பிரியும். முதற்பக்கமும் கடைசிப் பக்கமும் உள்ள வெளித்தாள் ஒருவரிடம், நடுத்தாள் இன்னொருவரிடம். நடுத்தாளில் ஆசிரியத் தலையங்கமும் கட்டுரையும் இருக்கும். அதை விரும்பி எடுப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ மௌலவியாகவோ இருப்பார். விளையாட்டுப் பக்கம் இளைஞருக்கு. முடி வெட்டும் சலூனிலும் தையல் கடையிலும் இதே பங்கீடுதான். யாரிடம் எந்தத் தாள் இருக்கிறதோ அவர் அந்த நேரத்துக்கு அந்தப் பாடத்தின் ஆசிரியர்.

இந்த வகுப்பறையில் கற்ற தமிழ் சாமானியமானதல்ல. வீட்டில் நாம் பேசும் தமிழுக்கும் பாடப் புத்தகத்தின் தமிழுக்கும் இடையில் பெரிய இடைவெளி உண்டு. நாளேட்டின் தமிழ் அந்த இடைவெளியில் ஒரு பாலம் போட்டது. “நிராகரித்தார்”, “வலியுறுத்தினார்”, “ஒத்திவைக்கப்பட்டது”, “கண்டனம்”, “பிரேரணை” போன்ற சொற்களை ஐந்தாம் வகுப்போடு பாடசாலையை விட்ட ஒருவர் இயல்பாகப் பயன்படுத்துவதைக் கேட்டிருக்கிறோம். பள்ளிவாசல் நிருவாகக் கூட்டத்தில் எழுந்து நின்று “நான் இந்தப் பிரேரணைய வன்மையாக எதிர்க்கிறன்” என்று அவர் சொல்லும்போது முன்பாதி நாளேட்டுத் தமிழ், வினைமுற்று மட்டும் ஊர்த் தமிழ். தமிழ் பயின்றவன் என்ற வகையில் நான் மிகவும் விரும்பிக் கேட்கும் மொழி அது.

இலக்கியமும் அந்தத் தாளிலேயே வந்தது. நீர்கொழும்பில் பிறந்த இளங்கீரனின் “நீதியே நீ கேள்” தினகரனில் தொடராக வெளிவந்தபோது, நமது சமூகத்தவர் ஒருவரின் நாவலுக்காக நாடெங்கும் வாசகர் காத்திருந்தனர். பேராசிரியர் கைலாசபதி 1950களின் இறுதியில் தினகரன் ஆசிரியராக இருந்து ஈழத்து எழுத்தாளருக்குக் கொடுத்த இடம் பலரும் பேசிய விடயம். நாம் சேர்த்துச் சொல்ல வேண்டியது, அந்த இடத்தில் வளர்ந்தவர்களில் முஸ்லிம் எழுத்தாளர்களும் கணிசமானோர் என்பதே. புத்தகம் அச்சிட வசதியில்லாத ஓர் இளைஞனுக்கு நான்கு அங்குலக் கவிதை நாளேட்டில் வந்தால் போதும். ஊர் அவனைக் கவிஞன் என்று அழைக்கத் தொடங்கிவிடும்.

உலகமும் தாளோடு வந்து குடியேறியது. பழைய பாடசாலைச் சேர்வு இடாப்பைப் புரட்டிப் பார்த்தால் இது தெரியும். ஒரு காலத்துப் பக்கங்களில் நாஸர்கள், பின்னர் பைஸல்கள், அதன் பின்னர் அரபாத்துகள், 1990களின் தொடக்கத்தில் சதாம்கள். வாப்பாமார் படித்த தலைப்புச் செய்திகள் பிள்ளைகளின் பெயர்களாக மாறியிருக்கின்றன. இந்தப் பெயர்களை எல்லாம் வாப்பா எங்கே வாசித்திருப்பார் என்று ஓர் ஆய்வாளர் தேடினால் அவருக்கு இடாப்பும் பழைய நாளேடும் அருகருகே தேவைப்படும்.

சீனி சுற்றி வந்த தாள்

கடையும் சலூனும் ஆண்களின் இடங்கள். பெண்களுக்குப் பேப்பர் வேறு வழியால் வந்தது. பருப்பும் சீனியும் கொத்தமல்லியும் சுற்றி வந்த சரைகளாக அது குசினிக்குள் நுழைந்தது. சாமானைக் கொட்டிவிட்டுத் தாளை விரித்து, எண்ணெய் படாத இடத்தை வாசித்த உம்மாமாரை நமது தலைமுறை கண்டிருக்கிறது. கதையின் முடிவு கிழிந்து போயிருக்கும். திகதி இருக்காது. ஆனாலும் அதை வாசித்து, முடிவைத் தாமே சொல்லிக்கொண்டார்கள். தொடர்கதையின் நடு அத்தியாயம் ஒன்றை மட்டும் படித்துவிட்டு முன்னும் பின்னும் கற்பனை செய்வது லேசான காரியமா?

அதே தாளில் நமது வீடுகளுக்கே உரிய ஒரு பேணுதலும் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் நாளேடுகளில் வரும் மார்க்கக் கட்டுரையையும், அரபு எழுத்தில் அல்லாஹ்வின் பெயர் உள்ள துண்டையும் காலில் படவோ சாமான் சுற்றவோ விடமாட்டார்கள். வெட்டி எடுத்து உயரத்தில் வைப்பார்கள், அல்லது எரித்துவிடுவார்கள். இப்படி வெட்டி வைத்த துண்டுகளின் கட்டு ஒன்று பல வீட்டு அலுமாரிகளில் இருந்தது. கல்யாண அறிவித்தல், பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளையின் படம், ஹஜ்ஜுக்குப் போனவரின் செய்தி, ஜனாஸா அறிவித்தல் எல்லாம் அதிலே சேர்ந்திருக்கும். அதைக் குடும்பத்தின் சிறு சுவடிக்கூடம் எனலாம்.

பேப்பர் வராத நாட்கள்

ஒரு பழக்கத்தின் பெறுமதி அது அறுபடும்போதே தெரிகிறது. 1974இல் அரசாங்கம் குணசேன நிறுவனத்தின் பத்திரிகைகளுக்கு முத்திரையிட்டபோது தினபதியும் சிந்தாமணியும் நின்றன. 1977 வரை அந்த வாசகர்கள் காத்திருந்தனர். 1981 ஜூன் முதலாம் திகதியை ஒட்டிய இரவுகளில் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தோடு ஈழநாடு பத்திரிகைக் காரியாலயமும் எரிக்கப்பட்டது. சோனகத் தெருவின் வாசகர்களுக்கும் அது சொந்த இழப்புத்தான்.

1990 ஆகஸ்ட் நமது நினைவில் ஆறாத மாதம். 2ஆம் திகதி ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. பணிப்பெண்களாகவும் சாரதிகளாகவும் அங்கே சென்றிருந்த நம் பிள்ளைகளின் கதி தெரியாமல் வீடுகள் தவித்தன. மறுநாள், 3ஆம் திகதி, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றோர் கொல்லப்பட்டனர். 12ஆம் திகதி ஏறாவூர். உலகச் செய்தியும் ஊர்ச் செய்தியும் ஒரே கிழமையில் நம் வீடுகளுக்குள்ளே வந்து விழுந்தன. அந்த நாட்களில் வீதிகள் மூடப்பட்டிருந்தன. பேப்பரும் ஒழுங்காக வரவில்லை. பல நாட்கள் கழித்து வந்து சேர்ந்த பழைய இதழ்களில் தம் ஊரின் பெயரையும் மௌத்தானவர்களின் எண்ணிக்கையையும் கண்டவர்களுக்கு அதில் புதிய தகவல் எதுவும் இல்லை. ஆயினும் அவற்றை எடுத்து வைத்தார்கள். நடந்தது நடந்தது என்று அச்சில் இருக்கிறது என்பது ஒரு சாட்சியம். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் விட்டு வந்த வீடுகளில், அப்படி எடுத்து வைத்த எத்தனை கட்டுகள் அழிந்தன என்பதை இனி எவராலும் கணக்கிட முடியாது.

மகிழ்ச்சியிலும் இதே நியதிதான். 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றதை ஊரே தொலைக்காட்சியில் பார்த்துவிட்டது. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள் எடுத்ததும் எல்லாருக்கும் தெரியும். அப்படியிருந்தும் அடுத்த நாள் பேப்பர் கடையில் நிற்கவில்லை. தெரிந்ததை மீண்டும் அச்சில் வாசிப்பதில் ஒரு தனி ருசி உண்டு. நாளேட்டின் இன்பம் புதினத்தில் மட்டும் இருக்கிறது என்போர் இந்த ருசியை மறந்துவிடுகிறார்கள்.

பிந்தி வந்த செய்தியின் பெறுமதி

இன்று செய்தி பிந்துவதில்லை. கைத்தொலைபேசியில் சுபஹுக்கு முன்னரே வந்துவிடுகிறது. இதைக் குறை சொல்லிப் பயனில்லை. நாமும் அதைத்தான் பார்க்கிறோம். ஆனால் 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாக ஒரு பொய் எவ்வளவு வேகத்தில் பரவியது என்பதையும், சில நாட்களில் திகன பற்றி எரிந்ததையும், அரசாங்கம் சமூக ஊடகங்களையே முடக்க நேர்ந்ததையும் நாம் மறக்க முடியாது. கடையில் எட்டுப் பேர் கேட்டிருக்க வாசிக்கப்பட்ட செய்தியை “இது சரியா இரிக்குமா?” என்று கேட்க எட்டு வாய்கள் இருந்தன. தனியே திரையைப் பார்ப்பவருக்கு அந்த வாய்கள் இல்லை.

அதற்காக அச்சிட்டதெல்லாம் உண்மை என்று சொல்ல வரவில்லை. 2019 மே மாதத்தில், குருநாகலில் பணியாற்றிய முஸ்லிம் வைத்தியர் ஒருவரைக் குறிவைத்து ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்கு மலட்டுத்தன்மை ஏற்படுத்தினார் என்ற ஆதாரமற்ற கதை முதலில் விரிந்தது ஒரு நாளேட்டின் முதற்பக்கத்தில்தான். தாளும் மையும் பொய்யைத் தடுப்பதில்லை. ஆனால் தாளில் வந்த பொய்க்குத் திகதி உண்டு, பக்கம் உண்டு, வெளியிட்டவரின் முகவரி உண்டு. பல ஆண்டுகளுக்குப் பின்னரும் அதை எடுத்துக் காட்டி “இதை எழுதியது நீங்கள்தானே” என்று கேட்கலாம். அழிக்கப்பட்ட பதிவைக் காட்டி யாரிடம் கேட்பது?

இங்கே இன்னொன்றும் உண்டு. சித்தி லெப்பை காலத்திலிருந்து இன்றுவரை நமது சமூகம் நீண்டகாலம் நின்று நிலைத்த ஒரு நாளேட்டைத் தனக்கெனக் கொண்டிருக்கவில்லை. நவமணி, விடிவெள்ளி போன்றவை வாரப் பத்திரிகைகளாகவே வேரூன்றின. எனவே நாளாந்தம் நாம் வாசித்தது பெரும்பாலும் பிறர் நடத்திய தாளை. அதில் நம்மைத் தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு பயிற்சியாக இருந்தது. “எங்கட ஊர்ர பேர் வந்திரிக்கி” என்ற மகிழ்ச்சியும், “எங்கட விசயத்தக் கடைசிப் பக்கத்தில போட்டிரிக்கான்” என்ற மனக்குறையும் அதே தாளிலிருந்தே பிறந்தன. தமிழ் மக்களின் துயரையும் மலையகத் தொழிலாளரின் சம்பளப் பேச்சுவார்த்தையையும் நாம் தினமும் வாசித்தோம். அவர்கள் நமது நோன்பையும் பெருநாளையும் வாசித்தார்கள். ஒரே தாளில் மூவர் இருந்தோம். யுத்தம் பிரித்த காலத்திலும் அந்த ஒரு தாள் பிரியவில்லை என்பது சிறிய விடயமல்ல.

கட்டி வைக்க வேண்டியவை

2022 மார்ச்சில் டொலர் இல்லாமையால் நாட்டில் கடதாசி தீர்ந்தது. மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. சில பத்திரிகைகள் அச்சுப் பிரதியை நிறுத்தின. அதன் பின் நின்ற பழக்கம் பல வீடுகளில் திரும்பி வரவில்லை. இன்றைய மாணவரிடம் நாளேட்டின் நடுத்தாளில் என்ன இருக்கும் என்று கேட்டால் விழிக்கிறார்கள். அது அவர்களின் குற்றமல்ல. வீட்டில் தாள் இல்லையென்றால் நடுத்தாள் எங்கிருந்து வரும்?

ஆகவே செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்லி முடிக்கலாம். தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பத்திரிகைகள் உள்ளன. நூலகம் நிறுவனம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்த்து வருகிறது. ஆனால் வெளியூர்ப் பதிப்பில் வந்த ஊர்ச் செய்தி, வெட்டி வைத்த ஜனாஸா அறிவித்தல், யாரோ ஒருவரின் முதற் கவிதை ஆகியவை நம் அலுமாரிகளில்தான் இருக்கின்றன. வீட்டைப் புதுப்பிக்கும்போது அந்தக் கட்டைக் குப்பையில் போட வேண்டாம். ஊர் வாசிகசாலைக்கோ பாடசாலை நூலகத்துக்கோ கொடுக்கலாம். குறைந்தபட்சம் படம் பிடித்துத் திகதியைக் குறித்து வைக்கலாம். உரத்து வாசித்த அந்தத் தலைமுறையின் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு மாணவரை அனுப்பி, எந்தக் கடையில், யார் வாசிக்க, எதைக் கேட்டீர்கள் என்று விசாரித்துப் பதிவு செய்தால் அதுவே ஓர் ஆய்வு.

பாடசாலைகளில் இன்னொன்றும் செய்யலாம். கிழமைக்கு ஒரு நாள், ஒரு வகுப்புக்கு ஒரு பேப்பர். ஒரு பிள்ளை உரத்து வாசிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும், கேட்டுவிட்டு, “இது சரியா இரிக்குமா?” என்று ஒருவராவது கேட்கட்டும். செலவு ஒரு பத்திரிகையின் விலைதான்.